யாதம்மா இந்த ஊர்க்காரிதான்

1

போன மாதம் பாளையங்கோட்டையிலிருந்து ராஜகுமாரி போன் செய்தாள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர். பழைய மாணவியர் மலருக்குப் பொறுப்பும் அவள்தான்.

"ஏட்டி கிரேசு, நீ ஹைதராபாத் போயி பதினாலு வருஷம் ஆயிட்டுல்லா? வேத்து ஊர்ல, வேத்து பாஷைக்காரங்க மத்தியில எல்லாரும் எப்படி ஒண்ணுமண்ணா இருக்கீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடு. இனிப்பா எழுது, என்ன?"

சரி என்றேன். இனிப்பாகத்தான் தொடங்கினேன். ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் அடுக்குமாடியில் ஆறு மொழிகள் கேட்கும் என்று எழுதினேன். ரம்ஜானுக்குக் கீழ்வீட்டிலிருந்து வரும் ஷீர் குர்மா பாயசம், கிறிஸ்துமஸுக்கு நான் சுடும் முந்திரிக்கொத்து, உகாதிப் பச்சடி என்று ஒரு பக்கம் நிரம்பியது. எல்லாம் உண்மைதான். ஆனால் நாலு நாள் விடுமுறைக்கு வந்துபோகிறவர்களுக்கும் அந்த உண்மை கிடைக்கும். அதை எழுதப் பதினாலு வருஷம் தேவையில்லை. தாளைக் கிழித்துப் போட்டேன்.

இது ராஜகுமாரி கேட்ட கட்டுரை அல்ல. அவள் போடாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

நாங்கள் இங்கே வந்தது 1999இல். என் கணவர் ஜெபராஜுக்கு இங்குள்ள மத்திய அரசு மின்னணுத் தொழிற்சாலைக்கு மாற்றலாயிற்று. ஷைனிக்கு அப்போது ஏழு வயது. நான் பி.காம். படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவள். வந்த நான்காவது மாதம், மாதாப்பூர்ப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவில் வேலை கிடைத்தது. நாற்காலி, மேசை, பஸ் பாஸ், காப்பி இயந்திரம், துப்புரவு ஒப்பந்தம் எல்லாம் எங்கள் பிரிவின் பாடு. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். ஒன்றேகால் மணி நேரப் பயணம். வழியெல்லாம் அப்போது பாறைகளுக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு குன்று காணாமல் போயிருக்கும்.

2

அலுவலகத்தில் என்னோடு முதலில் சண்டை போட்டவள் யாதம்மா. அது சண்டை என்றே எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் மாடியைப் பெருக்கித் துடைப்பவள் அவள். என் வயதுதான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், என் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துப் பரபரவென்று துடைக்க ஆரம்பித்தாள். மெதுவாகச் செய்யட்டும் என்று, பக்கத்து வீட்டில் பொறுக்கிய தெலுங்கை வைத்து, "அவசரம் லேது" என்றேன். அவள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

மேற்பார்வையாளரைக் கேட்டேன். "நீங்கதான் மேடம் தேவையில்லன்னு சொன்னீங்களாமே" என்றார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. நான் அந்தப் பெண்ணிடம், உன் தேவை இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

கீழ்த்தளத்தில் தேடிப் பிடித்து, கையாலும் வாயாலும் விளக்கினேன். புரிந்ததும் யாதம்மா சிரித்தாள். "உங்க ஊர்ல அவசரம்னா சீக்கிரமா? எங்க ஊர்ல அவசரம்னா வயித்துப்பாடு" என்றாள். அவள் பேசியதெல்லாம் தெலுங்கு. நான் என் தமிழில் எழுதுகிறேன்.

அன்றிலிருந்து அவள்தான் எனக்குத் தெலுங்கு வாத்தியார். டிபன் டப்பாவைத் திறக்கும் இருபது நிமிடம் வகுப்பு. என் சொதியும் அவளது ஜொன்ன ரொட்டியும் இடம் மாறும். ஜொன்ன என்றால் நம் சோளம். அவள் தெலுங்கு புத்தகத் தெலுங்கு அல்ல. விஜயவாடாக்காரர்கள் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவளுக்கு எல்லோரும் "நுவ்வு"தான். நுவ்வு என்றால் நீ. எங்கள் நிர்வாகத் தலைவரையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஒருநாள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "நீ உக்காந்திருக்கற எடத்துல எங்க மாமனார் ஜொன்ன வெதச்சிருந்தார்."

"மூணாவது மாடியிலயா?"

"அதுக்குக் கீழ. மாடிய நீங்க அப்பறம் வெச்சீங்க."

தும்மலகுண்டா என்பது அவர்கள் ஊர். இருபது முப்பது வீடுகள், ஒரு குட்டை, கருவேல மரங்கள். நிலத்தை எடுத்தபோது வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று சொன்னார்களாம். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள். எங்கள் கட்டடத்தில் மட்டும் யாதம்மாவுக்கும் இன்னும் பதினோரு பெண்களுக்கும் துடைப்பம் கிடைத்தது.

நான் அப்போது இதையெல்லாம் ஒரு சுவாரசியமான கதையாகத்தான் கேட்டேன். வீட்டுக்குப் போய் ஜெபராஜிடமும் சொன்னேன். "பாவம்" என்றார். அத்தோடு முடிந்தது. எங்களுக்கு அப்போது வீட்டுக் கடன் வாங்கும் யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

3

ஆண்டுக்கு ஒருமுறை கம்பெனியில் 'கல்ச்சர் டே' உண்டு. அயல்நாட்டு வாடிக்கையாளர்கள் வரும் நாளாகப் பார்த்து வைப்பார்கள். எங்கள் நிறுவனத்தில் இத்தனை மாநிலத்து மக்கள், இத்தனை மொழி, இத்தனை பண்பாடு என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு மேசை.

தமிழ்நாட்டு மேசை என் தலையில் விழுந்தது. பட்டுச்சேலை, மல்லிகை, பொட்டு, வாசலில் கோலம் என்று நிர்வாகத் தலைவர் பட்டியல் கொடுத்தார். அவர் டெல்லிக்காரர், தன்மையான மனிதர்.

"சார், எங்க வீட்ல கோலம் போடற வழக்கம் இல்ல. பொட்டும் வைக்க மாட்டோம். நாங்க கிறிஸ்டியன்ஸ். மூணு தலைமுறையா" என்றேன்.

அவர் குழம்பிப்போனார். "ஆனா நீங்க தமிழ்தானே?"

தமிழ்தான். அதனால் எதிர்வீட்டு மாமியிடம் இரண்டு நாள் கோலம் பழகினேன். வாழ்நாளில் முதல்முறையாகப் பொட்டு வைத்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் என் கோலத்தைப் படம் எடுத்துக்கொண்டு, எத்தனை தலைமுறையாக இந்தக் கலை உங்கள் குடும்பத்தில் இருக்கிறது என்று கேட்டாள். தலைவர் முந்திக்கொண்டு, நூற்றாண்டுகளாக என்றார்.

இது வேடிக்கை. வேடிக்கையாக இல்லாதது அடுத்த மேசை. நானூறு பேர் வேலை செய்யும் இடத்தில், அந்தக் கட்டடம் நிற்கும் மண்ணின் பண்பாட்டைக் காட்ட ஓர் ஊழியர்கூட இல்லை. மேசை போட்டு வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் விஜயவாடாப் பக்கத்துக் கரையோர மாவட்டம், தமிழ்நாடு, வங்காளம், டெல்லி. கடைசியில் துப்புரவுப் பெண்களைக் கூப்பிட்டார்கள். பளபளக்கும் சேலை வாடகைக்கு எடுத்துக் கொடுத்து, பத்துகம்மா ஆடச் சொன்னார்கள். பூக்களைக் கோபுரம்போல் அடுக்கி நடுவில் வைத்து, சுற்றிவந்து கைதட்டிப் பாடும் பண்டிகை அது.

"இது பத்துகம்மா மாசமே இல்ல" என்றாள் யாதம்மா. "தங்கேடு பூ இப்ப பூக்காது. அந்தப் பூ இல்லாம அம்மாவ வெக்கக் கூடாது." தங்கேடு நம் ஆவாரம்பூ; அம்மா அந்தப் பூக்கோபுரம்.

"வர்றவங்களுக்கு அது தெரியாது" என்றார் தலைவர். நான் அதைத் தெலுங்கில் பெயர்த்துச் சொன்னேன்.

செவ்வந்தியையும் ரோஜாவையும் வைத்து அடுக்கினார்கள். பன்னிரண்டு பெண்களும் சுற்றிவந்து கைதட்டினார்கள். முதலில் சங்கடமாக ஆடியவர்கள் பாட்டு ஏற ஏற எங்களை மறந்துபோனார்கள். யாதம்மாவின் குரல் அப்படி ஒரு குரல் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு படம் எடுக்கப்பட்டது. நடுவில் யாதம்மா, தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து பாடுகிறாள். மேசைகளை எடுத்தபிறகு சிதறிக் கிடந்த பூவைப் பெருக்கியவர்களும் அந்தப் பன்னிரண்டு பேர்தான். வாடகைச் சேலையை அதற்கு முன்னால் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வரவேற்பு அறையில் மாட்டினார்கள். கீழே ஆங்கிலத்தில் 'எங்கள் மக்கள்' என்று எழுதியிருந்தது.

4

2008 கடைசியில் அமெரிக்காவில் சந்தை விழுந்தது. இங்கே காப்பி இயந்திரம் நின்றது, பஸ்ஸில் ஏசி நின்றது. பிறகு எங்கள் பிரிவுக்குச் செலவைக் குறைக்கும் உத்தரவு வந்தது. புதிய துப்புரவு ஒப்பந்தக்காரர் ஒருவர் குறைந்த விலைக்கு வந்தார். ஒடிசாவிலிருந்து பெண்களை அழைத்து வருவார். பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டுத் தங்கவைப்பார்.

கூலி வித்தியாசம் அப்படி ஒன்றும் பெரிதில்லை. நான்தான் அந்தக் காகிதங்களைத் தட்டச்சு செய்தேன், எனக்குத் தெரியும். ஒப்பந்தக்காரர் சொன்ன முக்கியமான காரணம் வேறு.

"உள்ளூர்ப் பொம்பளைங்களுக்கு மாசத்துக்கு ஒரு சாவு, ஒரு கல்யாணம், ஒரு திருவிழா வரும் சார். லீவு கேப்பாங்க. நான் கூட்டிட்டு வர்றவங்களுக்கு இங்க யாருமே இல்ல. எங்க போவாங்க?"

தலைவர் தலையாட்டினார். எனக்குச் சட்டென்று என் நேர்முகத் தேர்வு நினைவுக்கு வந்தது. "இந்த ஊரில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டார்கள். "யாரும் இல்லை சார்" என்றேன், ஏதோ குறையைச் சொல்வதுபோல. கேட்டவர் முகம் மலர்ந்தது. அது ஆறுதல் என்று நினைத்துக்கொண்டேன். என்னைத் தேர்ந்தெடுத்தது என் பி.காமுக்காக அல்ல. என் அப்பா இறந்தபோது அடக்கம் முடிந்த மூன்றாவது நாளே நான் வேலைக்குத் திரும்பினேன். உள்ளூராக இருந்திருந்தால் லீவு கேட்டு முப்பது நாளும் கூட இருந்திருப்பேன்.

எங்களை இங்கே கூப்பிடுவதை ஊரில் இருக்கும் நீங்கள் பெருமையாக நினைக்கிறீர்கள். மூளைக்காக, உழைப்புக்காக என்று. கொஞ்சம் அதற்காகவும்தான். மிச்சம், போக ஒரு வாசல் இல்லாததற்காக.

பன்னிரண்டு பேருக்கும் விஷயத்தைச் சொல்ல வேண்டும். தலைவர் என்னைக் கூப்பிட்டார். "கிரேஸ், உங்களுக்குத்தான் அவங்க தெலுங்கு நல்லா வரும். நீங்க சொன்னா மனசு புண்படாது."

மறுக்கலாம் என்று தோன்றியது. வீடு வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஷைனி பிளஸ் டூ. ஆட்குறைப்புப் பட்டியல் ஒன்று ஓடிக்கொண்டிருப்பதாகக் கேன்டீனில் பேச்சு. சரி சார் என்றேன்.

சாப்பாட்டு அறையில் அவர்களை உட்காரவைத்தேன். கம்பெனி நிலைமை, புது ஒப்பந்தம், மாத முடிவு என்று யாதம்மா கற்றுக்கொடுத்த ஒவ்வொரு சொல்லையும் எடுத்து அடுக்கினேன். ஒரு பிழை இல்லை. கடைசியில், "அதனால அடுத்த மாசத்திலேர்ந்து உங்க அவசரம் லேது" என்றேன்.

யாதம்மா மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அது உங்க தமிழ் அவசரமா, எங்க தெலுங்கு அவசரமா?"

"தெலுங்குதான்" என்றேன்.

"நல்லாப் பேசக் கத்துக்கிட்டே" என்றாள்.

5

அன்று வீட்டில் இதை நான் சொல்லவில்லை. ஷைனிக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவள் சின்ன வயதில் பள்ளி விடுமுறைகளில் என்னோடு அலுவலகத்துக்கு வருவாள். யாதம்மாவின் மகள் லாவண்யா அவளுக்குத் தோழி. அந்தப் பெண் போனில் சொல்லிவிட்டாள்.

ஷைனி நாங்கள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்பவள். கோபம் வந்தால் பள்ளிக்கூடத்து ஹிந்தி வரும். அன்று எல்லாம் சேர்ந்து வந்தது. கைக்கு என்றால் இந்த ஊர் ஹிந்தியில் ஏன்.

"கைக்கு மம்மி? கைக்கு நீயே சொன்னே?"

"நான் சொல்லாட்டா வேற யாராவது சொல்லியிருப்பாங்க."

"சொல்லட்டும். நீ ஏன்?"

ஜெபராஜ் குறுக்கே வந்தார். "ஏ பிள்ள, பொழைக்க வந்த எடத்துல நமக்கு எதுக்கு அவங்க சண்டை?"

"டாடி, நீங்க பொழைக்க வந்தீங்க. நான் வரல. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள் ஷைனி. அதை மட்டும் தமிழில், எங்களுக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்பதுபோல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

அடுத்த ஆண்டு, இந்தப் பகுதிக்குத் தனி மாநிலம் கேட்கும் கிளர்ச்சி சூடுபிடித்தது. அவள் அப்போது பொறியியல் கல்லூரி முதலாண்டு. பந்த் நாட்களில் கல்லூரி வாசலில் கோஷம் போடுகிறவர்களோடு நின்றாள். வீட்டில் "மன" என்றுதான் பேசுவாள். மன என்றால் நம்முடைய. மன நீள்ளு, நம் தண்ணீர். மன உத்யோகாலு, நம் வேலைகள். அந்த நம்மில் நானும் அவள் அப்பாவும் இல்லை. இரவுச் சாப்பாட்டு மேசையில் என் மகள் 'நாங்கள்' என்று சொல்லும்போதெல்லாம், நான் எதிரில் உட்கார்ந்து 'நீங்கள்' ஆகிக்கொண்டிருந்தேன்.

ஜெபராஜுக்கு இது தாங்கவில்லை. "ஊருக்கே போயிரலாம்" என்பார். எந்த ஊருக்கு என்று நான் கேட்பதில்லை. பாளையங்கோட்டைக்குப் போனால் ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து, "எந்தூரும்மா, வெளியூரா?" என்கிறார். நான் வாயைத் திறந்தால் தமிழோடு இரண்டு தெலுங்குச் சொல் சேர்ந்து விழுகிறது.

6

வேலை போன பிறகு யாதம்மா எங்கள் கம்பெனி வாசலுக்கு எதிர்ப்பக்கம், பஸ் நிற்கும் இடத்தில், தள்ளுவண்டி போட்டாள். ஜொன்ன ரொட்டி, பச்சைமிளகாய்ச் சட்னி, பருப்பு. யார் வாங்கிச் சாப்பிட்டார்கள் தெரியுமா? அவள் இடத்துக்கு வந்த ஒடிசாப் பெண்கள். பீகாரிலிருந்து வந்த காவலாளிகள். அடுத்த கட்டடத்துக்குக் கம்பி கட்ட வந்த விழுப்புரத்து ஆட்கள். காசு தீர்ந்த வாரக் கடைசியில் அவள் யாரிடமும் கேட்கவில்லை என்று காவலாளி ஒருவர் என்னிடம் சொன்னார்.

வாடிக்கையாளர்களுக்குக் காட்ட நாங்கள் ஆண்டுக்கு ஒருநாள் பாடுபட்டுச் செய்த பண்பாட்டுச் சங்கமம் அந்த வண்டியைச் சுற்றி தினமும் நடந்தது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி, அந்தப் பக்கம் பார்க்காமல் சாலையைக் கடந்துவிடுவேன். ஒருமுறை மழையில் வேறு வழியில்லாமல் வண்டியின் தார்ப்பாய்க்குக் கீழே நின்றேன். யாதம்மா முக்காலியைத் தள்ளி, "உக்காருங்க மேடம்" என்றாள். மீரு என்றாள். மீரு என்றால் நீங்கள். ஒன்பது வருடத்தில் அவள் என்னை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. நனைந்துகொண்டே போய்விட்டேன்.

மறு ஆண்டு பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வருவதாக இருந்தது. வாசலில் வண்டிக் கடைகள் இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது. அப்புறப்படுத்தக் கேட்டு அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார் தலைவர்.

"இத நான் எழுதமாட்டேன் சார்" என்றேன்.

அவர் ஆச்சரியப்பட்டார். கோபப்படவில்லை. "ஓகே கிரேஸ்" என்றார். பக்கத்து மேசைக்காரர் பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் லாரி வந்து வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

எனக்கு எந்தத் தண்டனையும் வரவில்லை. அந்த வருடமும் வழக்கமான சம்பள உயர்வு வந்தது. தலைவர் வழக்கம்போலப் பிறந்தநாளுக்குக் கேக் அனுப்பினார். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. மறுத்ததற்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், 2008இல் சாப்பாட்டு அறைக்குப் போக மறுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்த காரணம் அன்றோடு கழன்று விழுந்தது. நான் பயந்தது வேலை போகும் என்றுகூட இல்லை. நல்லவள், ஒத்துப்போகிறவள் என்ற பெயர் போகும் என்று. வெளியூர்க்காரிக்கு அந்தப் பெயர்தானே ரேஷன் கார்டு.

வரவேற்பு அறையில் யாதம்மா அதே இடத்தில் பாடிக்கொண்டிருந்தாள். வந்த வாடிக்கையாளர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

7

இந்த வருடம் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து திரும்பினால் எங்கள் வீட்டு சோபாவில் யாதம்மா உட்கார்ந்திருந்தாள். ஷைனிதான் கூட்டி வந்திருந்தாள். இவ்வளவு காலமும் அவர்கள் பேச்சை விடவில்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

யாதம்மா குவைத் போகிறாள், வீட்டு வேலைக்கு. பாஸ்போர்ட்டுக்கு இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். அது கிடைக்கவில்லை.

"இந்த வயசுல எதுக்கு யாதம்மா? இங்கேயே அப்பார்ட்மென்ட்ல வேலை கெடைக்காதா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வீட்ல செஞ்சேன். இப்ப ஏஜென்ட் வழியா ஜார்க்கண்ட் பொண்ணுங்கள வீட்டோட வெச்சுக்கறாங்க." அவள் குரலில் கோபமில்லை. "இங்க எல்லாரும் வெளியூர்க்காரங்களத்தான் வேலைக்குக் கேக்கறாங்க. அதான், நானும் ஏதோ ஒரு ஊருக்கு வெளியூர்க்காரி ஆயிடலாம்னு."

ஜெபராஜ் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் நான் லீவு போட்டுவிட்டு அவளோடு எம்.ஆர்.ஓ. ஆபீசுக்கு, அதாவது நம் தாசில்தார் ஆபீசுக்கு, போனேன். ஷைனியும் வந்தாள். அந்த அலுவலகம் எனக்குப் பழக்கமானது. ஷைனி பொறியியல் சேரும்போது அவள் உள்ளூர் மாணவி என்பதற்கு அங்கேதான் சான்றிதழ் வாங்கினேன். பள்ளிக்கூடத்துத் தாள், வீட்டுப் பத்திரம், ஜெபராஜின் ஆபீஸ் கடிதம், எல்லாவற்றிலும் மூன்று பிரதி. ஆறு நாளில் முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பிறந்த பெண் ஆறு நாளில் உள்ளூர். மாடி முழுக்க லட்டு கொடுத்தேன்.

யாதம்மாவிடம் ஒரு பழைய ரேஷன் கார்டு இருந்தது. அதில் ஊர் தும்மலகுண்டா. வாக்காளர் அட்டையில் இடித்த வீட்டின் கதவு எண். எழுத்தர் இளைஞர், பண்பாகத்தான் பேசினார். கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"இந்தப் பேர்ல ஊரே இல்லம்மா. லிஸ்ட்ல வரல, பாருங்க."

"லிஸ்ட்ல வராட்டா என்ன? நான் அங்கதான் பொறந்தேன், அங்கதான் கட்டிக்குடுத்தாங்க" என்றாள் யாதம்மா.

"நெலத்துப் பட்டா இருக்கா?"

"நெலத்த எடுக்கறப்ப அதையும் வாங்கிக்கிட்டாங்க."

மூன்று தடவை நடந்தோம். மூன்றாவது தடவை ஒரு வழி சொன்னார்கள். முகவரிச் சான்று உள்ள இரண்டு பேர், இந்தப் பெண் இந்த இடத்தைச் சேர்ந்தவர், எங்களுக்குத் தெரியும் என்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தும்மலகுண்டாக்காரர்கள் யாராவது கிடைப்பார்களா என்று கேட்டேன். சிதறிப்போய்விட்டார்கள், இருப்பவர்களிடமும் தன்னைப் போலத்தான் தாள் இல்லை என்றாள் யாதம்மா.

தாள் என்னிடம் இருந்தது. வீட்டுப் பத்திரம், பான் கார்டு, கம்பெனி அட்டை. ஷைனியிடம் புது வாக்காளர் அட்டை. படிவத்தை வாங்கி நான்தான் நிரப்பினேன். 'இவரை எத்தனை ஆண்டுகளாகத் தெரியும்?' பதினான்கு. 'எங்கே?' என்ற இடத்தில் பேனா நின்றது.

"தும்மலகுண்டான்னு எழுதினா கம்ப்யூட்டர் எடுக்காது மேடம். இப்ப இருக்கற பேர எழுதுங்க" என்றார் எழுத்தர். எங்கள் கம்பெனி நிற்கும் தொழில்நுட்பப் பூங்காவின் பெயரை, இரண்டாம் கட்டம் என்று எண்ணோடு எழுதினேன். யாதம்மா எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது.

"என்ன எழுதினே?"

"நீ இந்த ஊர்க்காரின்னு."

"எந்த ஊர்னு போட்டே?"

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னேன். "அது கம்பெனிப் பேரு" என்றாள். "சரி, போடு. பிளேன்ல ஏத்தறவனுக்கு என்ன தெரியப் போகுது."

நான் கையெழுத்துப் போட்டேன். ஷைனி போட்டாள். எழுத்தர் எங்கள் தாள்களைப் புரட்டிக்கொண்டே, "மேடம், உங்க சொந்த ஊரு?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "இக்கடே சார்" என்றாள் ஷைனி. இங்கேதான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு மைப்பெட்டியை யாதம்மா பக்கம் தள்ளினார்.

அவள் இடது பெருவிரலை ஒற்றினாள். விரலைத் துடைக்க ஒன்றும் இல்லை. நான் கைக்குட்டையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனாள். அங்கே சுவர் முழுக்க, தோள் உயரத்துக்கு, முன்னால் வந்துபோனவர்களின் ஊதா விரல்கறை. துடைப்பதற்கு வெள்ளையாக ஓர் இடம் தேடி, யாதம்மா அந்தச் சுவரோரமாகவே நடந்துகொண்டிருந்தாள்.